பேக்கப் பாயிண்ட் கார்டுக்கு இவ்வளவு பெரிய ட்ரேடா? பாஸ்டன் – ப்ராக்டன் 2022, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்பிஏ (அமெரிக்க பாஸ்கெட்பால் லீக்) பாக்க ஆரம்பிச்ச நிறைய பேருக்கு ஆஃப்சீசன்ல வர்ற ட்ரேட் செய்தி புரியறதே இல்ல. யாரோ ஒரு பெஞ்ச் ப்ளேயர் (தொடக்கத்துல இறங்கற அஞ்சு பேர்ல இல்லாதவர்) வர்றாரு, பதிலுக்கு அஞ்சாறு பேர் போறாங்க, கூடவே ஒரு ட்ராஃப்ட் பிக்கும் (புது வீரரைத் தேர்ந்தெடுக்கற உரிமை) போகுது, எதுக்கு இதெல்லாம்னு கேக்கறாங்க. இதை விளக்க எனக்குத் தெரிஞ்ச சிறந்த உதாரணம் 2022 ஜூலைல பாஸ்டன் செல்டிக்ஸ் பேக்கப் பாயிண்ட் கார்டா ஆட (பாயிண்ட் கார்டுன்னா பந்தைக் கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தறவர்) மால்கம் ப்ராக்டனை வாங்கினது. அவரை வெச்சு கப் அடிக்கல, ஆனாலும் அது நல்ல ட்ரேட்னு நான் உறுதியா நம்பறேன், ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல, யார் யாருக்கு என்ன கொடுத்தாங்க?

இந்தியானா பேசர்ஸ் கொடுத்தது ஒரே ஒரு ஆள், மால்கம் ப்ராக்டன். பாஸ்டன் கொடுத்தது ஆரன் நெஸ்மித், டேனியல் டைஸ், நிக் ஸ்டாஸ்கஸ், மாலிக் ஃபிட்ஸ், ஜுவான் மார்கன்னு அஞ்சு பேர், அதோட 2023 முதல் ரவுண்டு ட்ராஃப்ட் பிக். செய்தி வந்தது ஜூலை 1, அதிகாரபூர்வமா அறிவிச்சது ஜூலை 9. நடுவுல ஏன் ஒரு வாரம்னா, ஜூலை முதல் வாரத்துல டீம்கள் பேசி முடிவு பண்ணிக்கலாம், பெரும்பாலான டீல்ல கையெழுத்து போட முடியாது, லீக்ல அப்படி ஒரு விதி.

பேக்கப் பாயிண்ட் கார்டுன்னா மெயின் ஆள் தண்ணி குடிக்கிற நேரத்துக்கு வந்து போறவர் தானே?

இல்லங்க, இந்த எண்ணம் தான் முதல்ல மாறணும். ஒரு மேட்ச் 48 நிமிஷம். உங்க டீம்ல எவ்வளவு பெரிய ஸ்டார் இருந்தாலும் அவர் 36, 37 நிமிஷம் ஆடுவாரு, மிச்சம் பத்து பன்னெண்டு நிமிஷம் அவர் வெளிய உக்காந்துருப்பாரு. அந்த பத்து பன்னெண்டு நிமிஷத்துல ஸ்கோர் எந்தப் பக்கம் சாயுதுங்கறது தான் ப்ளேஆஃப்ல பாதி மேட்ச்சைத் தீர்மானிக்குது, ஏன்னா ஸ்டார்கள் மோதிக்கற நேரத்துல ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா தான் இருக்கும்.

அந்த நேரத்துல பேக்கப் பாயிண்ட் கார்டுக்கு மூணு வேலை. பந்தை எதிராளி கைக்கு விடாம அந்தப் பக்கம் கொண்டு போகணும். பிக் அண்ட் ரோல் (கூட ஆடறவர் மறிச்சு நின்னு வழி பண்ணிக் கொடுக்கற ஆட்டம்) ஓட்டி யாருக்காவது நல்ல ஷாட் வரவைக்கணும். ஷாட் க்ளாக் (ஷாட் போட வேண்டிய கெடு) ஓடி முடியப் போகுது, ஒண்ணும் அமையலன்னா தானே எதையாவது போட்டு பாயிண்ட் எடுக்கணும். மூணாவது வேலை தான் ரொம்ப பேருக்கு வராது. பாஸ் நல்லா பண்றவர் இருப்பாரு, ஷூட் பண்ணத் தெரியாது, அதனால அவரை காவல் காக்கறவர் ரெண்டடி பின்னாடி போய் கூடைக்குக் கீழ இருக்கற பெயிண்ட்ல நின்னுக்குவாரு, மொத்த ஆஃபென்ஸும் அடைச்சுப் போயிரும். அதனால தான் நிதானமும் இருந்து ஷூட்டிங்கும் இருக்கற ஆளுக்கு அவ்வளவு விலை.

சரி, பாஸ்டன் அந்த வருஷம் ஃபைனல்ஸ் வரைக்கும் போச்சே, அவங்களுக்கு என்ன குறை?

போச்சு, அங்க போனப்புறம் தான் குறை எல்லாருக்கும் தெரிஞ்சுது. 2022 ஃபைனல்ஸ்ல கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கிட்ட 4-2ன்னு தோத்தாங்க, கடைசி மேட்ச் ஜூன் 16, சொந்த ஊர்ல, 103-90. டிஃபென்ஸ்ல பாஸ்டன் அந்த வருஷம் பயங்கரமான டீம், மார்கஸ் ஸ்மார்ட் சிறந்த டிஃபென்டர் விருது வாங்கினாரு, 1996ல கேரி பேட்டனுக்கு அப்புறம் அந்த விருதை வாங்கின முதல் கார்டு அவர் தான். பிரச்சனை முழுக்க மறுபக்கம், பந்து கைல இருக்கும்போது.

ஜேசன் டேட்டம் அந்த ப்ளேஆஃப்ல மொத்தம் 100 டர்ன்ஓவர் (பந்தை எதிர்டீம் கைல தொலைக்கறது) பண்ணாரு, ஒரே ப்ளேஆஃப்ல யாரும் அவ்வளவு பண்ணதில்ல, அது சாதனை எண்ணிக்கை. இதுக்கு டேட்டத்தை மட்டும் திட்டறது நியாயம் இல்லன்னு அப்பவே சொன்னேன், இப்பவும் சொல்றேன். 24 வயசு பையன், எதிர்டீமோட சிறந்த டிஃபென்டர் அவர் மேல, ஸ்கோர் பண்ணணும், பாஸ் பண்ணணும், டிஃபென்ஸும் ஆடணும், இதுல ஒவ்வொரு தடவையும் பந்தை கீழ கொண்டு வந்து ஆட்டத்தைத் தொடங்கி வைக்கறதும் அவர் தான்னா நாலாவது குவார்ட்டர்ல கால்ல தெம்பு எங்க இருக்கும்? ஜேலன் பிரவுனுக்கும் அதே கதை, கூட்டத்துக்குள்ள ட்ரிப்பிள் பண்ணா பந்து போயிரும். பந்தை வாங்கி நிதானமா ஆட்டத்தை நடத்திக் கொடுக்க இன்னொரு கை வேணும், அது தான் தேவை. இன்னொரு ஸ்டார் இல்ல.

டெரிக் வைட், பேட்டன் ப்ரிச்சர்ட் எல்லாம் ஏற்கனவே இருந்தாங்களே?

இருந்தாங்க. வைட் அந்த பிப்ரவரில தான் சான் அன்டோனியோல இருந்து வந்தாரு, டிஃபென்ஸ்ல அருமை, முடிவு சட்டுனு எடுப்பாரு, ஆனா வந்த புதுசுல த்ரீ (தூரத்துல இருந்து போடற மூணு பாயிண்ட் ஷாட்) போடறதுல தடுமாறிட்டு இருந்தாரு, விட்டுத் தள்ளி நின்னா போதும்னு எதிர்டீம் நெனச்சாங்க. ப்ரிச்சர்ட் ஷூட் பண்ணுவாரு, உயரம் கம்மி, ஃபைனல்ஸ் மாதிரி இடத்துல எதிர்டீம் தேடிப் பிடிச்சு அவரை டிஃபென்ஸ்ல இழுத்துவிடுவாங்க. பெஞ்சுல இருந்த இன்னொரு பாயிண்ட் கார்டு டென்னிஸ் ஷ்ரூடர், அவரை அதே பிப்ரவரில ஹூஸ்டனுக்குக் கொடுத்துட்டு தான் டைஸை வாங்கியிருந்தாங்க. ஆக ஆறடி அஞ்சு அங்குலம் இருக்கற, ஷூட் பண்ற, பந்தைத் தொலைக்காத ஒரு கார்டு டீம்ல கிடையாது.

ப்ராக்டன் பத்தி கொஞ்சம் சொல்லுங்க

அட்லாண்டா பக்கத்துக்காரர், வர்ஜீனியா யுனிவர்சிட்டில ஆடினவர். 2016 ட்ராஃப்ட்ல 36வது ஆளா, அதாவது ரெண்டாவது ரவுண்டுல, மில்வாக்கி எடுத்துச்சு. ரெண்டாவது ரவுண்டு ஆளுக்கு டீம்ல இடம் கெடைக்கறதே பெருசு, இவர் 2017ல சிறந்த புதுமுக வீரர் விருதே வாங்கிட்டாரு, இன்னைக்கு இருக்கற ட்ராஃப்ட் முறைல ரெண்டாவது ரவுண்டுல இருந்து அதை வாங்கின முதல் ஆள். 2018-19 சீசன்ல ஃபீல்ட் கோல் 50, த்ரீ 40, ஃப்ரீ த்ரோ 90 சதவீதம்னு மூணு கோட்டையும் தாண்டினாரு, அந்தப் பட்டியல் ரொம்பச் சின்னது, லாரி பேர்ட், ஸ்டீவ் நாஷ் எல்லாம் இருக்கற பட்டியல். 2019ல இந்தியானா போனாரு, அங்க ஒரு சீசன் 21 பாயிண்ட்டுக்கு மேல சராசரி. பேசற விதம், நடந்துக்கற விதத்தைப் பாத்து கூட ஆடறவங்க 'ப்ரெசிடென்ட்'னு தான் கூப்பிடுவாங்க.

குறைன்னு பாத்தா உடம்பு. ட்ரேடுக்கு முந்தின சீசன்ல 82 மேட்ச்ல 36 தான் ஆடினாரு, த்ரீயும் 31 சதவீதத்துக்கு இறங்கியிருந்துச்சு. பாஸ்டனுக்கு இது தெரியாம இல்ல, தெரிஞ்சு தான் வாங்கினாங்க.

19 பாயிண்ட் அடிக்கற ஸ்டார்ட்டர் பெஞ்சுல உக்கார எப்படி ஒத்துக்கிட்டாரு?

ஒத்துக்கிட்டாரு, அதுவும் வந்த அன்னைக்கே வெளிப்படையா சொன்னாரு, ஜெயிக்கறதுக்கு எந்த ரோல்னாலும் சரின்னு. எனக்கு ப்ராக்டன் மேல பெரிய மரியாதை வந்ததே இங்க தான். இந்தியானால 33, 34 நிமிஷம் ஆடிட்டு இருந்தவர் இங்க 26 நிமிஷத்துக்கு வர்றாரு, அடுத்த சம்பள ஒப்பந்தம் பேசும்போது இந்த நம்பரெல்லாம் குறைச்சலா தெரியும், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த சீசன்ல 67 மேட்ச் ஆடினாரு, ஒண்ணுல கூட ஸ்டார்ட் பண்ணல.

ஒருத்தருக்கு எதுக்கு அஞ்சு பேர் போகணும்? பணம் கொடுத்து வாங்க முடியாதா?

ஐபிஎல் பாத்துப் பழகினவங்களுக்கு இது தான் புரியாது, அங்க பணம் மட்டும் கொடுத்தே ஒரு வீரரை இன்னொரு டீம்ல இருந்து வாங்கிடலாம். என்பிஏல அப்படி முடியாது, ட்ரேட்ல பணம் கொடுக்கறதுக்கு சின்ன வரம்பு தான் இருக்கு. சேலரி கேப் (டீமோட மொத்த சம்பளத்துக்கு லீக் வெச்ச வரம்பு) தாண்டின டீம் ஒருத்தரை வாங்கணும்னா, அவர் சம்பளத்துக்கு கிட்டத்தட்ட ஈடா சம்பளம் வாங்கற ஆளுங்களை வெளிய அனுப்பணும்.

2022-23க்கு கேப் 12.37 கோடி டாலர், லக்சரி டாக்ஸ் கோடு (இதைத் தாண்டினா லீக்குக்கு வரி கட்டணும்) 15.03 கோடி டாலர். பாஸ்டன் டாக்ஸ் கட்டற டீம். அப்ப இருந்த விதிப்படி டாக்ஸ் கட்டற டீம் வெளிய அனுப்பற சம்பளத்தோட 125 சதவீதம், அதுக்கு மேல ஒரு லட்சம் டாலர், அவ்வளவு வரைக்கும் உள்ள வாங்கலாம். ப்ராக்டன் சம்பளம் 2.26 கோடி. அப்ப குறைஞ்சது ஒரு 1.8 கோடியாவது வெளிய போகணும். டைஸ் கிட்டத்தட்ட 87 லட்சம், நெஸ்மித் 38 லட்சம், ரெண்டு பேரும் சேந்தா 1.25 கோடி. இன்னும் 55 லட்சம் எங்க போறது? ஸ்மார்ட்டையோ ஹோர்ஃபோர்டையோ ராபர்ட் வில்லியம்ஸையோ வைட்டையோ கொடுத்தா டீமோட முதுகெலும்பே போயிரும்.

இங்க தான் பாஸ்டனோட ட்ரேட் முடிவுகளை எடுத்த நிர்வாகி பிராட் ஸ்டீவன்ஸோட மூளை வேலை செஞ்சது. ஸ்டாஸ்கஸ், ஃபிட்ஸ், மார்கன் மூணு பேரும் முந்தின சீசனோட கடைசி கட்டத்துல குறைஞ்சபட்ச சம்பளத்துக்கு எடுத்த ஆளுங்க, அடுத்த வருஷத்தையும் சேத்து ஒப்பந்தம் போட்டாரு, ஆனா அந்த அடுத்த வருஷ சம்பளம் கேரண்டி இல்ல. அதாவது ட்ரேட் கணக்குல அந்தச் சம்பளம் முழுசா சேரும், வாங்கற டீம் அவங்களை விட்டுட்டா கையில இருந்து பணம் போகாது. மூணு பேரையும் சேத்தா அந்த 55 லட்சம் நிறைஞ்சிருது. அதுக்குத் தான் அஞ்சு பேர். ரொட்டேஷன்ல (வழக்கமா களத்துல இறங்கறவங்க கூட்டத்துல) நிஜமா ஆடின ஒருத்தரைக் கூட இழக்காம, அதாவது ஃபைனல்ஸ்ல ஆடின முக்கியமான எட்டு பேரும் அப்படியே இருக்க, ஒரு ஸ்டார்ட்டர் தரத்து கார்டை பெஞ்சுக்கு கொண்டு வந்துட்டாரு. சீசன் கடைசில ஒரு சின்ன கையெழுத்து, ஜூலைல அதோட பலன், இந்த மாதிரி முன்யோசனையை நான் ரொம்ப ரசிக்கறேன்.

பாஸ்டன் கிட்ட பெரிய ட்ரேட் எக்செப்ஷன் இருந்துச்சே, அதை ஏன் யூஸ் பண்ணல?

இருந்துச்சு, எவான் ஃபோர்னியே நியூயார்க் போனப்ப உருவானது, 1.71 கோடி டாலர். அந்த அளவுக்குள்ள சம்பளம் வாங்கற ஒருத்தரை யாரையும் கொடுக்காம வாங்கலாம். ஆனா ப்ராக்டன் 2.26 கோடி, உள்ள அடங்காது, எக்செப்ஷனையும் ஆளுங்களையும் ஒண்ணா கூட்டி யூஸ் பண்ணவும் விதி இல்ல.

இந்தியானா ஏன் விட்டுது?

அவங்களுக்கு 2022 பிப்ரவரில சேக்ரமென்டோல இருந்து டைரிஸ் ஹாலிபர்டன் கெடைச்சாரு, அன்னைல இருந்து அது அவரோட டீம். பந்து அவர் கைல இருக்கணும். ப்ராக்டனுக்கு அப்ப 29 வயசு, டீம் 25 ஜெயிச்சு 57 தோத்து கட்டியெழுப்பற கட்டத்துல இருக்கு, பேக்கப்புக்கு டீ.ஜே. மெக்கானல் ஏற்கனவே இருக்காரு, ஜூன் ட்ராஃப்ட்ல 31வது ஆளா ஆண்ட்ரூ நெம்ஹார்டையும் எடுத்துட்டாங்க. ப்ராக்டன் அங்க இருந்தா அவருக்கும் நல்லதில்ல, டீமுக்கும் நல்லதில்ல.

அதோட அவங்களுக்கு கேப்ல இடம் வேணும்னு ஒரு திட்டம் இருந்துச்சு. ட்ரேட் முடிஞ்சு சில நாள்ல ஸ்டாஸ்கஸ், ஃபிட்ஸ், மார்கன் மூணு பேரையும் விட்டுட்டு, பீனிக்ஸோட சென்டர் டியாண்ட்ரே ஏய்டனுக்கு நாலு வருஷம் 13.3 கோடி டாலர் ஆஃபர் வெச்சாங்க. பீனிக்ஸ் அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்க வெச்சுக்கிச்சு, அது வேற கதை.

ஏன் ஜூலைலயே? பிப்ரவரி டெட்லைன் (சீசன்ல ட்ரேட் பண்ற கடைசி நாள்) வரைக்கும் காத்திருந்து பாத்திருக்கலாமே

அப்ப இருந்த விதிப்படி ஆஃப்சீசன்ல ஒரு டீம் 20 பேர் வரைக்கும் வெச்சுக்கலாம், சீசன் ஓடும்போது முழு ஒப்பந்தம் 15 பேருக்கு தான். பிப்ரவரில ஒருத்தரைக் கொடுத்து அஞ்சு பேரை வாங்கணும்னா இந்தியானா நாலு பேரை அன்னைக்கே வெளிய அனுப்பியாகணும். இன்னொண்ணு, பாயிண்ட் கார்டுக்கு ட்ரெய்னிங் கேம்ப் ரொம்ப முக்கியம். ஷூட்டர் ஒருத்தர் நடு சீசன்ல வந்தா மூலைல நின்னு போட்டுட்டுப் போயிரலாம், ஆட்டத்தை நடத்தறவருக்கு ஒவ்வொருத்தருக்கும் பந்து எங்க வேணும், யார் எந்தப் பக்கம் கட் பண்ணுவாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். வைட் பிப்ரவரில வந்து முதல் சில மாசம் தடுமாறினதுக்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த சீசன் எப்படிப் போச்சு?

சீசன் தொடங்க ஒரு மாசம் கூட இல்லாதப்ப தலைமை கோச் இமே உடோகாவை டீம் ஒரு சீசனுக்கு சஸ்பெண்ட் பண்ணிடுச்சு, 34 வயசு ஜோ மசூலா கைல டீம் வந்துச்சு. ராபர்ட் வில்லியம்ஸுக்கு முட்டில ஆபரேஷன், புதுசா சேந்த டானிலோ கல்லினாரி இத்தாலிக்கு ஆடப் போய் முட்டி லிகமென்ட் கிழிஞ்சு ஒரு மேட்ச் கூட ஆடாம போனாரு. இவ்வளவு நடந்தும் முதல் 26 மேட்ச்ல 21 ஜெயிச்சாங்க. கடைசில 57-25.

ப்ராக்டன் 14.9 பாயிண்ட், 3.7 அசிஸ்ட், 4.2 ரீபவுண்ட், ஃபீல்ட் கோல் 48.4 சதவீதம், த்ரீ 44.4 சதவீதம். அந்த 44.4ஐ கொஞ்சம் நின்னு பாருங்க. முந்தின வருஷம் 31 சதவீதம் போட்டவர். ஷாட் மாறல, ஷாட் வர்ற இடம் மாறிச்சு. இந்தியானால டிஃபென்ஸ் முழுக்க அவரைப் பாத்து நிக்கும், இங்க டேட்டம், பிரவுன் பக்கம் ரெண்டு பேர் ஓடுவாங்க, இவர் காலை ஊன்றி நிதானமா போடுவாரு. ஸ்டார்ட்டர்கள் உக்காந்த நேரத்துல எதிர்டீமோட ரெண்டாவது வரிசை ஆளுங்களுக்கு எதிரா ட்ரைவ் பண்ணி ரெண்டு காலையும் ஊன்றி நின்னு ஒரு ஏமாத்து ஏமாத்தி போடுவாரு பாருங்க, வேகம் ஒண்ணும் கிடையாது, தோள் பலமும் பொறுமையும் தான், தடுக்க முடியாது.

சிறந்த ஆறாவது வீரர் விருது அவருக்குக் கொடுத்தது சரியா?

சரி தான், பெஞ்சுல இருந்து வர்றவங்கள்ல சிறந்தவருக்குக் கொடுக்கற விருது அது. நியூயார்க்கோட இமானுவல் குயிக்லி, மில்வாக்கியோட பாபி போர்ட்டிஸ் ரெண்டு பேரும் கடைசி மூணுல இருந்தாங்க, குயிக்லிக்குக் கொடுத்திருந்தாலும் நான் சண்டைக்குப் போயிருக்க மாட்டேன். பாஸ்டன்ல கெவின் மெக்ஹேல் 1984லயும் 85லயும், பில் வால்டன் 86லயும் வாங்கினதுக்கு அப்புறம் ப்ராக்டன் தான்.

அப்புறம் ஏன் கப் வரல?

மயாமி. 2023 கிழக்கு கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல (ஃபைனல்ஸுக்கு முந்தின சுற்று) முதல் மூணு மேட்ச்சையும் தோத்து 0-3, அப்புறம் மூணு ஜெயிச்சு 3-3. ஆறாவது மேட்ச்ல 0.1 செகண்ட் மிச்சம் இருக்கும்போது வைட் அந்த ரீபவுண்டைத் தட்டி உள்ள போட்டு 104-103, இங்க ஞாயித்துக்கிழமை காலைல பாத்தவங்க யாரும் மறக்க மாட்டாங்க. ஏழாவது மேட்ச்ல முதல் ப்ளேலயே டேட்டம் கணுக்கால் மடங்கிச்சு, 103-84 தோல்வி.

அந்த சீரிஸ்ல ப்ராக்டன் பாதி ஆள் கூட இல்ல. ஷூட் பண்ற வலது கைல, முழங்கை பக்கம் டெண்டன் பாதி கிழிஞ்ச காயம், பந்தைத் தூக்கிப் போடறதே கஷ்டம். ஆறாவது மேட்ச் ஆடவே இல்ல, ஏழாவதுல வந்து ஒண்ணும் முடியாம உக்காந்துட்டாரு. மயாமி ஒவ்வொரு தடவையும் ஸோன் (ஆளைக் காக்காம இடத்தைக் காக்கற டிஃபென்ஸ்) போட்டு நின்னப்ப நடுவுல பந்தை வாங்கி ஆட்டத்தை உடைக்க எந்த ஆளை வாங்கினாங்களோ அந்த ஆள் இல்ல. அவர் நல்லா இருந்திருந்தா முடிவு மாறியிருக்கும்னு நான் நெனக்கறேன், நிரூபிக்க முடியாது தான்.

ஒரே வருஷத்துல ஏன் வித்துட்டாங்க?

2023 ஜூன்ல கிறிஸ்டாப்ஸ் போர்ஜிங்கிஸை வாங்கறதுக்கு மூணு டீம் சேந்து ஒரு டீல், அதுல ப்ராக்டன் க்ளிப்பர்ஸுக்குப் போறதா இருந்துச்சு. க்ளிப்பர்ஸுக்கு அவரோட மெடிக்கல் பத்தி சந்தேகம், போர்ஜிங்கிஸோட ஒப்பந்தக் கெடு அன்னைக்கு நள்ளிரவு, நேரம் இல்ல, டீல் உடைஞ்சுது. சில மணி நேரத்துல பாஸ்டன் மார்கஸ் ஸ்மார்ட்டை மெம்ஃபிஸுக்குக் கொடுத்து வேற டீல் போட்டு போர்ஜிங்கிஸை வாங்கிட்டாங்க. அந்த டீல்ல மெம்ஃபிஸ்ல இருந்து வாஷிங்டன் போனவர் டையஸ் ஜோன்ஸ், லீக்லயே பந்தைத் தொலைக்காத பேக்கப்னு பேர் வாங்கினவர், அங்க போய் ஸ்டார்ட்டர் ஆயிட்டாரு.

இந்த இடத்துல எனக்கு வருத்தம் உண்டு. ரோலைக் குறைச்சுக்கிட்டு வந்தவர், விருது வாங்கினவர், கை கிழிஞ்சும் ஏழாவது மேட்ச்ல இறங்கினவர், மூணு வாரத்துல வேற ஊருக்கு, அப்புறம் இல்ல இங்கயே இருன்னு. அவர் மனசு கஷ்டப்பட்டாருன்னு அப்ப செய்தி வந்துச்சு, யாருக்கும் கஷ்டமா தான் இருக்கும். வியாபாரம்னு சொல்லி ஒரே வார்த்தைல கடந்து போறது எனக்குப் பிடிக்கல.

ஜ்ரூ ஹாலிடே இந்தக் கதைக்குள்ள எப்படி வர்றாரு?

2023 செப்டம்பர் கடைசில மில்வாக்கி டேமியன் லில்லார்டை வாங்கினப்ப அவங்க கார்டு ஹாலிடே போர்ட்லேண்டுக்குப் போனாரு, அவங்களுக்கு அவர் வேணாம், உடனே விக்கப் போறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அக்டோபர் 1ம் தேதி பாஸ்டன் வாங்கிடுச்சு. கொடுத்தது ப்ராக்டன், ராபர்ட் வில்லியம்ஸ், ரெண்டு முதல் ரவுண்டு பிக். ஹாலிடே சம்பளத்துக்கு ஈடு கட்ட ப்ராக்டனோட அந்த வருஷச் சம்பளம் 2.25 கோடி இல்லாம இந்த டீல் நடந்தே இருக்காது. நெஸ்மித், டைஸ், மூணு குறைஞ்சபட்ச சம்பள ஒப்பந்தம், இவங்களை வெச்சு ஹாலிடேவை நேரா வாங்கவே முடியாது, நடுவுல ப்ராக்டன்ங்கற படி இருந்ததால தான் ஏற முடிஞ்சுது. அடுத்த ஜூன்ல டாலஸை 4-1ன்னு ஜெயிச்சு பாஸ்டன் 18வது கப் தூக்கிச்சு. கப் வரலயே, அப்ப ட்ரேட் தோல்வி தானேன்னு கேக்கறவங்களுக்கு என்னோட பதில் இது.

இந்தியானாவுக்கு லாபமா?

பெரிய லாபம். நெஸ்மித் பாஸ்டன்ல 11 நிமிஷம் ஆடி 3.8 பாயிண்ட் எடுத்தவர், அங்க போன முதல் வருஷமே 60 மேட்ச் ஸ்டார்ட் பண்ணி 10.1 பாயிண்ட். 2025 கிழக்கு கான்ஃபரன்ஸ் ஃபைனல் முதல் மேட்ச், நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல, தோத்தாச்சுன்னு எல்லாரும் முடிவு பண்ணின நேரத்துல நாலாவது குவார்ட்டர்ல ஆறு த்ரீ போட்டாரு. ஹாலிபர்டன் சமன் பண்ண, ஓவர்டைம்ல இந்தியானா 138-135ன்னு ஜெயிச்சுது, ஃபைனல்ஸுக்கும் போய் ஒக்லஹோமா கிட்ட ஏழாவது மேட்ச் வரைக்கும் ஆடினாங்க. அந்த டீம்ல மெக்கானல் பெஞ்சுல இருந்து வந்து என்னென்ன பண்ணாருன்னு பாத்திருந்தா பேக்கப் பாயிண்ட் கார்டு பத்தி நான் மேல எழுதினதெல்லாம் எழுதவே வேண்டியதில்ல. பாஸ்டன் கொடுத்த பிக் 29வது இடத்துல வந்துச்சு, அதையும் இந்தியானா டென்வருக்குக் கொடுத்து வேற பிக் வாங்கிக்கிச்சு.

ப்ரிச்சர்டுக்கு அநியாயம் நடந்துச்சா?

ப்ராக்டன் வந்த வருஷம் அவருக்கு 13 நிமிஷம் தான் கெடைச்சுது, வேற டீமுக்குப் போனா தேவலன்னு ஒரு கட்டத்துல அவரே நெனச்சாரு. அவரை விடாம வெச்சிருந்தது இந்த முழுக் கதைலயும் பாஸ்டன் எடுத்த சிறந்த முடிவு. ப்ராக்டனும் ஸ்மார்ட்டும் போனதும் பேக்கப் இடம் அவருக்கு வந்துச்சு, 2023 அக்டோபர்ல நாலு வருஷம் 3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டாரு, இன்னைய விலைல அது ரொம்பக் கம்மி. 2024 ஃபைனல்ஸ்ல குவார்ட்டர் முடியற நேரத்துக்குன்னே களத்துல இறக்கி விடுவாங்க, அரை கோர்ட்ல இருந்து போட்டு உள்ள தள்ளுவாரு. 2024-25ல சிறந்த ஆறாவது வீரர் விருது, பெஞ்சுல இருந்து வந்து ஒரு சீசன்ல அதிக த்ரீ போட்ட சாதனையும் அவருக்கு.

ப்ராக்டன் அப்புறம் என்ன ஆனாரு?

போர்ட்லேண்டுல 39 மேட்ச். 2024ல டேனி அவ்டியாவுக்காக வாஷிங்டனுக்குக் கொடுத்தாங்க, அங்க 24 மேட்ச். உடம்பு ஒத்துழைக்கல. 2025 செப்டம்பர்ல நியூயார்க் நிக்ஸ் கூட சேந்தாரு, சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே அக்டோபர்ல ஓய்வு அறிவிச்சுட்டாரு, 32 வயசு.

இதே ட்ரேட் இன்னைக்கு நடக்குமா?

டீம் எந்த உயரத்துல இருக்குங்கறதைப் பொறுத்து. 2023ல லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட புது ஒப்பந்தத்துல டாக்ஸ் கோட்டுக்கு மேல முதல் ஏப்ரன், ரெண்டாவது ஏப்ரன்னு ரெண்டு கோடு கெட்டியா போட்டுட்டாங்க. முதல் கோட்டைத் தாண்டினா வெளிய அனுப்பற சம்பளத்தை விட ஒரு டாலர் கூட அதிகமா வாங்க முடியாது, 125 சதவீதம் கதையெல்லாம் கிடையாது. ரெண்டாவது கோட்டைத் தாண்டினா ரெண்டு மூணு பேர் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய சம்பளத்தை வாங்கறதே தடை. அதாவது டைஸ், நெஸ்மித், இன்னும் மூணு பேர்னு கூட்டி ஒரு ப்ராக்டனை வாங்கற வேலையே நடக்காது, ஒருத்தருக்கு ஒருத்தர் தான்.

பாஸ்டனே அதுல மாட்டிச்சு. 2025 மே மாசம் டேட்டம் குதிகால் டெண்டன் கிழிஞ்சு விழுந்தாரு, டீம் ரெண்டாவது கோட்டுக்கு மேல இருந்துச்சு, சம்பளத்தைக் குறைச்சே ஆகணும்ங்கற நிலை. போர்ஜிங்கிஸ் அட்லாண்டாவுக்குப் போனாரு, ஹாலிடே திரும்ப போர்ட்லேண்டுக்கே போனாரு. ஹாலிடேவுக்கு பதிலா வந்தவர் ஆன்ஃபெர்னி சைமன்ஸ், ஒரு ஸ்கோரிங் கார்டு, சம்பளம் ஹாலிடேவை விட கிட்டத்தட்ட 47 லட்சம் டாலர் கம்மி.